ஐந்து லிட்டருக்குள்

பெட்டியின் அடி மூலை ஈரமாக இருந்தது. தொடப் போன விரலைக் கோமளா பாதியிலேயே மடக்கிக்கொண்டாள். மழைக்காலம் இல்லை, வெளியே பங்குனி வெயில் மீனம்பாக்கத்துத் தார்ச்சாலையை இளக்கிக்கொண்டிருக்கிறது, பிறகு எங்கிருந்து வந்தது இந்த ஈரம் என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், அந்தப் பதிலுக்கு ஒரு வாசனை இருக்கும் என்று ஏனோ தோன்றியது. விமானத்தில் ஏற்றும் ஆபத்தான சரக்குகளைப் பார்த்து அனுப்புகிற மேசை அவளுடையது. ஆசிட், பெயின்ட், பேட்டரி, ஆஸ்பத்திரிக்குப் போகும் கேஸ் சிலிண்டர், எல்லாம் அவள் கை பட்ட பிறகுதான் மேலே பறக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதே வேலை, ஒரு நாளும் விரல் இப்படிப் பின்னால் போனதில்லை, போன வருஷம் வரைக்கும். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற நூருல்லா, கம்பெனிகளுக்காகச் சரக்கு கொண்டு வரும் ஏஜென்ட், கழுத்தைக் கைக்குட்டையால் துடைத்தபடி, "இது உங்ககிட்ட வரவேண்டிய சரக்கே இல்லக்கா, சும்மா ஒரு தடவை கண்ணால பாத்துட்டு சரின்னா நான் போய்க்கிட்டே இருப்பேன். துபாய் வழியா நைரோபிக்கு சாம்பிள். கரையான் மருந்து. எல்லாம் ஒரு லிட்டர் பாட்டிலுங்கதான்" என்றான். கரையான் மருந்து என்று அவன் எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான், தேங்காய் எண்ணெய் என்பது போல, பல்பொடி என்பது போல. அவள் தலையை ஆட்டினாள். ஆட்டிய தலைக்குள் எங்கோ தண்ணீர் குமிழியிடும் சத்தம் கேட்டது, குளுகுளுவென்று, நிற்காமல். அது இங்கே இல்லை, கொளத்தூரில், அவள் வீட்டு மொட்டை மாடியில் கேட்கிற சத்தம். இங்கே ஏசியின் இரைச்சல் மட்டும்தான்.

விதி அவளுக்கு மனப்பாடம். சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்கிற சரக்கு என்றால் பெட்டியின் மேல் ஒரு சின்னம் ஒட்ட வேண்டும், சாய்சதுரத்துக்குள் இலையில்லாத ஒரு மரமும் பக்கத்தில் செத்த மீன் ஒன்றும். ஆனால் உள்ளே இருக்கிற பாட்டில் ஒவ்வொன்றும் ஐந்து லிட்டருக்குள் என்றால் சின்னம் வேண்டாம், அறிவிப்புத் தாள் வேண்டாம், அது சாதாரணச் சரக்கு, புடவையும் முருங்கைக்காயும் போகிற மாதிரி போகலாம். ஒரே ஒரு நிபந்தனை, கட்டு ஒழுகக் கூடாது. வகுப்பில் முதல் தடவை இதைச் சொல்லிக் கொடுத்தபோது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. கொஞ்சம்தானே, கொஞ்சத்தால் என்ன ஆகிவிடும், விமானம் விழுந்துவிடுமா. விழாது. அந்த விதியை எழுதினவர்கள் விமானத்தை நினைத்து எழுதினார்கள், அதில் தப்பில்லை, அவர்கள் கண்ணுக்கு ஐந்து லிட்டர் என்பது கொஞ்சம். யாருக்குக் கொஞ்சம், என்று இப்போது ஒரு கேள்வி அவளுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேனென்கிறது. அஞ்சு லிட்டர் வேண்டாம், ஒரு லிட்டர் வேண்டாம், ஒரு ஆள் கையில் ஒட்டியிருக்குமே, விரலிடுக்கில், நகக்கண்ணில், அது எத்தனை? அதற்கு அளவே கிடையாது, அந்த அளவுக்கு ஒரு சின்னமும் கிடையாது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பி, "வர்றேங்க" என்று படியடியிலிருந்து குரல் கொடுத்தபோது கணவன் தயாளன் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான், கையில் ஒரு பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரே ஒரு கப்பி மீன். "இந்தத் தடவை தண்ணி செட் ஆயிடும் கோமு, பாரேன்" என்றான். ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தான் சொல்கிறான். மாடியில் அவன் மீன் வளர்த்த கண்ணாடித் தொட்டிகளைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைத்து, உப்புப் போட்டு ஊறவைத்து, புதுத் தண்ணீர் விட்டு, காற்று மோட்டாரைப் போட்டுவிடுவான். மீனே இல்லாத தொட்டிகள் ராப்பகலாகக் குமிழியிட்டுக்கொண்டிருக்கும். வெள்ளிக்கிழமை ஒரு கப்பியை வாங்கி வந்து விடுவான். சாயங்காலம் அவள் வீடு திரும்பும்போது அது செத்திருக்கும். அதை அவன் எங்கே புதைக்கிறான், இல்லை சாக்கடையில் போடுகிறானா, அவள் கேட்டதில்லை. ஒரு வெள்ளி அவள் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டாள். மீன் சாகாமல் இருந்தது, ஆனால் சுற்றிக்கொண்டிருந்தது, திருகாணி போலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மேலே வருவதும் கீழே போவதுமாக. தயாளன் தொட்டிக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சத்தம் போடாமல் கீழே இறங்கி வந்து இஞ்சி நசுக்கி டீ போட்டாள்.

"என்னக்கா, யோசிக்கிறீங்க?" என்றான் நூருல்லா. அவள் ஒன்றும் இல்லை என்றாள். எத்திராஜைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் பேரில் அவளுக்குக் கோபம் வரவே மாட்டேனென்கிறது, அதுதான் கஷ்டம், வந்தால் சௌகரியமாக இருக்கும். பக்கத்து வீட்டில் கதவு நிலையெல்லாம் கரையான் ஏறிவிட்டது என்று மருந்தடிக்க வந்தவர். தலையில் முண்டாசு, முதுகில் டப்பா, நல்ல மனுஷர், தெரு நாய் குறுக்கே வந்தால்கூட நின்று வழிவிட்டுப் போவார். அன்றைக்கும் இதே மாதிரி வெயில். பக்கத்து வீட்டில் மோட்டார் ரிப்பேர், தண்ணீர் இல்லை. இரண்டு மாடிக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர்தான். அந்தப் பக்கம் நின்றுகொண்டு எத்திராஜ், "சார், கை கழுவ கொஞ்சம் தண்ணி கிடைக்குமா" என்று கேட்டார். தயாளன், "இப்படி வாங்க, ஏறி வாங்க" என்று கூப்பிட்டான். அவன் யாரிடமும் தண்ணீர் இல்லை என்று சொன்னதே கிடையாது, அவனுக்குச் சொல்லவும் வராது. கோமளா துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு படியில் பாதி ஏறியவள் மூச்சு வாங்க அங்கேயே நின்றாள், அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. தயாளன் நீலக் குவளையால் மொண்டு மொண்டு ஊற்றினான். எத்திராஜ் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், முழங்கை வரைக்கும், மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி. கழுவின தண்ணீர் கீழே இருந்த பச்சை வாளியில் விழுந்தது. மாடி ஈரமாக வேண்டாமே என்று எத்திராஜ்தான் அந்த வாளியை இழுத்துக் கைக்கு அடியில் வைத்துக்கொண்டார், அவருடைய மரியாதை அது. அப்புறம் இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள், ஏஞ்சல் மீன் எத்தனை நாளுக்கொருதரம் முட்டை போடும் என்று அவர் கேட்க, தயாளன் தொட்டி தொட்டியாகக் காட்டிக்கொண்டு போனான். அவர் போன பிறகு வாளித் தண்ணீரைத் தயாளன் பூச்செடிக்கு ஊற்றிவிட்டு, அதே வாளியைக் குழாயடியில் ஒரு அலசு அலசி, அதில் தண்ணீர் பிடித்து, வெயிலில் வற்றியிருந்த தொட்டிகளுக்கெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினான். அவள் அதையும் பார்த்தாள், துணி உலர்த்திக்கொண்டே பார்த்தாள், கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டே. பார்த்தபோது அது ஒன்றுமே இல்லை, ஒரு ஆள் தொட்டிக்குத் தண்ணீர் விடுகிறான், அவ்வளவுதான். அடுத்த நாள் விடிந்தபோது மாடி அமைதியாக இருந்தது. மோட்டார் ஓடுகிறது, குமிழி வருகிறது, ஆனாலும் அமைதி. வெள்ளி வெள்ளியாக, கறுப்புக் கோடு போட்டு, பட்டம் போல நின்று நீந்துகிற ஏஞ்சல்கள் எல்லாத் தொட்டியிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தன, முட்டையிடுவதற்காக வைத்திருந்த ஓட்டுத் துண்டில் ஒட்டியிருந்த முட்டைகள் வெளுத்திருந்தன. தயாளன் ஒரே ஒரு வார்த்தை சொன்னான். "நோய்." அவளும், "ஆமாங்க, நோயாத்தான் இருக்கும்" என்றாள். அந்த வார்த்தையை இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இத்தனை மாதம் தூக்கிவருகிறார்கள். விட்டால் உடைந்துவிடும்.

அவனுக்குத் தெரியுமா? தெரிந்துதான் நோய் என்றானா, இல்லை நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறானா? இதுதான் அவளுடைய நெஞ்சில் முள்ளாக நிற்கிற இடம், எந்தப் பக்கம் புரண்டாலும் குத்துகிறது. தெரியாது என்றால், சொன்னால் உடைந்துபோவான், தன் கையால் மொண்டு ஊற்றிய தண்ணீர் என்று. தெரியும் என்றால், தெரிந்துகொண்டே வாராவாரம் ஒரு மீனை அதற்குள் விடுகிறான் என்றாகும், அதை அவளால் நினைக்க முடியவில்லை. இந்த மருந்துகள் தண்ணீரில் கரைந்து போய்விடுகிற ஜாதி இல்லை, எதிலாவது போய் ஒட்டிக்கொள்ளும், மண்ணில், ரப்பரில், கண்ணாடியை ஒட்டுகிற பசையில். இங்கே வரும் சரக்குகளைப் பற்றிப் படித்துப் படித்தே அவளுக்குத் தெரிந்திருந்தது. இதைச் சொன்னால் போதும், வெள்ளிக்கிழமைகள் நின்றுவிடும். ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் மருந்து என்று சொல்ல வேண்டும். "கோமளா, அங்க என்ன தேக்கம்?" என்று கண்ணாடி அறையிலிருந்து பிரபாகர் சார் வந்தார், அவளுடைய மேலதிகாரி. அவள் ஈர மூலையைக் காட்டினாள். அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரு லிட்டர் பாட்டில்மா. நம்ம கணக்குலயே வராது. ஜெனரல் கார்கோ. அவங்க பாத்துப்பாங்க, நீ ஏன் இழுத்துப் போட்டுக்கற?" "கட்டு ஒழுகக் கூடாதுன்னு இருக்கே சார். ஒழுகினா அது ஜெனரல் கார்கோ இல்லையே." "ஒழுகுதுன்னு யார் சொன்னா? கை பட்டு வேர்வையா இருக்கும்." "இதே துபாய் ஃபிளைட்லதான் மீனும் போகுது சார்" என்றாள். அது ஏன் வாயில் வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வந்ததிலிருந்து அந்தப் பக்கம் பார்க்காமலே இருந்தாள். இறக்கு மேடையோரம் கொளத்தூர் பண்ணைக்காரர் யாரோ அனுப்பிய உயிர் மீன் பெட்டிகள் அடுக்கியிருந்தன, அட்டைக்குள் தெர்மாகோல் பெட்டி, அதற்குள் ஆக்சிஜன் அடைத்த பை, பைக்குள் மீன்கள் இருட்டில் பயணம் போகும். பிரபாகர் சார் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அவள் வீட்டு மீன்கள் செத்தது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், நோய் வந்து செத்தது என்று. "சரி, பிரிச்சுப் பாத்துக்கோ. சீக்கிரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நூருல்லா முணுமுணுத்துக்கொண்டே டேப்பை வெட்டினான். கோமளா மூச்சை அடக்கிக்கொண்டாள், பிறகு அடக்க முடியாமல் இழுத்தாள், அட்டை வாசனை மட்டும் வந்தது. கனத்த பிளாஸ்டிக் உறை, அதற்குள் பஞ்சு மாதிரி உறிஞ்சும் தாள், நடுவில் பாட்டில்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். மஞ்சளாக, கெட்டியாக, அசைத்தால் மெதுவாக அசைந்து மெதுவாக அடங்கியது. இவ்வளவு அழகாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. மூடியைத் திருகிப் பார்த்தாள், சீல் உடையவில்லை, உலர்ந்த பாட்டில், உலர்ந்த தாள், எங்கேயும் சொட்டில்லை. ஈரம் வெளியே மட்டும்தான். "நான்தான் சொன்னேனேக்கா" என்ற நூருல்லா சட்டென்று நெற்றியில் தட்டிக்கொண்டான். "ஆமா, டெம்போல இதுக்கு மேல மீன் பெட்டியத்தானே ஏத்துனாங்க." அவன் திரும்பி ஓடினான். அப்படியானால் இது மருந்து இல்லை. மீன் தண்ணீர். அவளுக்குச் சிரிப்பு வரும் போலிருந்தது, அதற்குள் மேடையிலிருந்து லோடர் கத்தினான், "மேடம், பை ஓட்டை! மீனெல்லாம் கெடக்குது, சீக்கிரம் வாங்க, உங்க வீட்ல வளக்கறவங்கதானே!" அவள் ஓடினாள். நைந்து போன அட்டைக்குள், சுருங்கிய பையின் மடிப்பில், ஏஞ்சல்கள். தட்டையாகப் படுத்திருந்தன, ஒன்றின் மேல் ஒன்று, செவுள் திறந்து மூடித் திறந்து மூடி. அவள் கை நீண்டது. நீண்ட கையைப் பார்த்தாள். இந்தக் கைதான் பாட்டிலைப் பிடித்தது, மூடியைத் திருகியது. "வர்றேன், இதோ வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே கழுவுமிடத்துக்கு ஓடினாள். குழாயைத் திறந்து சோப்பை அழுத்தினாள். தேய்த்தாள், விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி, முழங்கை வரைக்கும், மறுபடி சோப்பு, மறுபடி. பாட்டில் உலர்ந்துதானே இருந்தது, சீல் உடையவில்லையே, உடையவில்லை என்று கண் சொல்கிறது, கண்ணுக்கு என்ன தெரியும், அன்றைக்கும் கண் பார்த்துக்கொண்டுதானே இருந்தது. எத்தனை தரம் கழுவினால் போதும்? அவர்கூட இப்படித்தான் கழுவினார், இதைவிட நன்றாகக் கழுவினார். கழுவுகிற தண்ணீர் பேசினில் சுழன்று ஓட்டைக்குள் போவதைப் பார்த்தாள், அது எங்கே போகிறது, எந்தக் குழாய், எந்தக் கால்வாய், அடையாறு பக்கத்தில்தானே. குழாயை மூடினாள். மூடிய கைப்பிடியில் ஈரம். மறுபடி திறந்தாள். "அக்கா! செத்துரும்க்கா!" என்று வெளியே நூருல்லாவின் குரல். கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, சொட்டச் சொட்ட, அவள் வந்து நின்றாள். தொட முடியவில்லை. லோடரைப் பார்த்து, "நீ அந்த மருந்துப் பெட்டியைத் தொட்டியா?" என்றாள். "இல்ல மேடம்." "அப்ப நீயே செய். பக்கத்துப் பெட்டியப் பிரி. பையோட கழுத்த அவிழ்த்து, இதுங்களை அதுல விடு. புடிச்சு இறுக்காத, உள்ளங்கையில ஏந்து. கண்ணுல விரல் படாம. மெதுவா, மெதுவா." அவன் கறுத்த பெரிய கைகள் நடுங்கவே இல்லை. ஒவ்வொன்றாகப் போயின. இரண்டு அசையவில்லை. மற்றவை முதலில் மல்லாந்து, பிறகு ஒருச்சாய்ந்து, பிறகு மெல்ல, கொடி ஏற்றுகிற மாதிரி, நிமிர்ந்தன.

மீன் ஏஜென்ட் வந்து, திட்டி, புதுப் பையும் ஆக்சிஜன் சிலிண்டருமாகக் கட்டிக்கொண்டு போனான். கரையான் மருந்துப் பெட்டிக்கு நூருல்லா வேறு அட்டை போட்டு டேப் ஒட்டினான். அவள் அதைச் சாதாரணச் சரக்காக ஏற்றுக்கொண்டாள், வேறு வழியில்லை, விதிப்படி எல்லாம் சரி. மீனோடு சேர்த்து அடுக்காதீர்கள் என்று ஏற்றுகிறவர்களிடம் போய்ச் சொன்னாள், எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை, ஆனாலும் அவர்கள் சரி என்றார்கள். பிறகு நடைபாதையில் சுவரோரம் நின்று போனை எடுத்தாள். நான்கைந்து தடவை மணி அடித்த பிறகு தயாளன் எடுத்தான். அவன் குரலுக்கு முன்னால் குமிழிச் சத்தம் வந்தது. "ஏங்க, அந்தக் கப்பிய வெளிய எடுத்துடுங்க" என்றாள். "ஏன்? இந்தத் தடவை மதியம் தாண்டிடுச்சு கோமு. செட் ஆயிட்டு வருது." "செட் ஆகாதுங்க." சுவரில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள், சுவர் சுட்டது. "மருந்து போயி கண்ணாடி ஒட்டற பசைக்குள்ள உக்காந்துடும். எத்தனை தரம் கழுவினாலும் போகாது. கொஞ்சம் கொஞ்சமா விட்டுக்கிட்டே இருக்கும்." மருந்து. சொல்லியாகிவிட்டது. எந்த மருந்து என்று கேட்பான், இப்போது கேட்பான், கேட்டால் என்ன சொல்ல, என்று அவள் காத்திருந்தாள். குமிழிகள் வந்துகொண்டேயிருந்தன. "அப்ப தொட்டிங்க?" என்றான் அவன். "தூக்கிப் போடணும்." "எல்லாமா?" "எல்லாம்." "அன்னிக்குப் படியில நின்னுட்டிருந்த, இல்ல?" என்றான். அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை, உம் என்று மட்டும் வந்தது. "வாளியோட நின்ன. நான் பாத்தேன்." அவ்வளவுதான் சொன்னான். தண்ணீருக்குள் கை விடும் சத்தம், பிறகு நடக்கும் சத்தம், படியிறங்கும் சத்தம். "சமையக்கட்டுக் குடத்துல விட்டுட்டேன். சாயுது. செவுள் ஆடுது." "சரி." "தொட்டிங்கள நீ வந்தப்புறம் இறக்கலாம். தனியாத் தூக்க முடியாது." "சரிங்க." பேச்சு முடிந்துவிட்டது என்று அவள் நினைத்தாள், ஆனால் அவன் வைக்கவில்லை. "எத்திராஜ் நேத்து வந்திருந்தாரு. பின் தெருவுல வேலையாம். வேலையெல்லாம் முடிச்சுட்டு, வெயில்ல முகமே கறுத்துப்போயி, வாசல்ல நின்னு தண்ணி கேட்டாரு. குடிக்கத்தான்." "குடுத்தீங்களா?" "கேக்கறாரே. எப்படி இல்லன்னு சொல்றது?" அவளாக இருந்தாலும் கொடுத்திருப்பாள். பிறகு தன் குரல் கேட்பதை அவளே கேட்டாள். "எதுல குடுத்தீங்க?" "டம்ளர்லதான்." "அந்த டம்ளர எங்க வச்சீங்க?" "கழுவித்தான் வச்சேன்" என்றான் தயாளன். சமையலறை அலமாரியில் வரிசையாகக் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் டம்ளர்கள், எல்லாம் ஒரே மாதிரி. காலையில் அவசரத்தில் அதில் ஒன்றை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் அவள் வேலைக்கு வந்திருந்தாள்.